எலுமிச்சைக்குக் கருவாடு வைத்த கதை

இரண்டு வருடங்களுக்கு முன்னால், பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம். காரைக்கால் தலத்தெருவில் ஒரு வீட்டுத் தோட்டத்தை என் கையாலேயே பாழாக்கினேன். பூச்சி வந்து அழிக்கவில்லை, ஆடு வந்து மேயவில்லை. முறைப்படி படித்து, சான்றிதழும் வாங்கி, அதற்குப் பிறகு நானேதான் அழித்தேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்துவிட்டுத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு அம்பகரத்தூர் பக்கம். சுற்றிலும் வயல். எங்கள் கொல்லையில் வெண்டை, அவரை, கனகாம்பரம் என்று எதை ஊன்றினாலும் தழைத்துக்கொண்டு வரும். அதெல்லாம் என் கைராசி என்றுதான் நினைத்திருந்தேன். மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அந்தச் சமயத்தில் காரைக்காலில் தோட்டக்கலைச் செய்முறைப் பயிற்சி ஒன்று நடப்பதாகக் கேள்விப்பட்டேன். வீட்டுத்தோட்டம் போடுகிறவர்கள், தோட்டம் அமைப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இரண்டு தரப்புக்கும் சேர்த்து. சனி, ஞாயிறுகளில் மூன்று மாதம். நாற்பத்திரண்டு வயதில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வகுப்பில் முதல் வரிசைதான். மண் கலவை, பதியம், ஒட்டுக் கட்டுதல், கவாத்து என்று ஒவ்வொன்றையும் மூன்று நிற மையில் எழுதிக்கொள்வேன். லாட்ஜுகளுக்குத் தோட்டம் போடும் ஆட்களே என் நோட்டை வாங்கிப் பார்த்து எழுதுவார்கள். "பள்ளிக்கூடத்துல இப்புடிப் படிச்சிருந்தா கலெக்டர் ஆயிருப்ப" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். எனக்கு அது கேலியாகவே படவில்லை. அவ்வளவு தலைக்கனம்.

ஒரே ஒரு நாள் மட்டும் சறுக்கினேன். அன்று மீன் உரம். எங்கள் வீடு சுத்த சைவம், முட்டைகூட உள்ளே வராது. ஆசிரியை காய்ந்த மீனைக் காகிதத்தில் பரப்பி உரலில் இடிக்க ஆரம்பித்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எழுந்து வாசலுக்கு ஓடி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். அங்கிருந்து காதில் விழுந்ததை எழுதினேன். 'காய்ந்த மீன் தூள். தழைச்சத்து நிறைய. பூச்செடிக்கும் எலுமிச்சைக்கும் நல்லது.' அதற்குச் சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. நடுவில் அவர் இன்னும் என்னென்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளவும் இல்லை. முதல் வரிசைக்காரி போய் அடுத்தவரிடம் நோட்டு கேட்பதா?

பயிற்சி முடிந்ததும் முதல் வேலை தானாகத் தேடி வந்தது. கூடப் படித்த ஒருவர் நர்சரி வைத்திருக்கிறார். தலத்தெருவில் ஒரு சின்ன வீட்டுத் தோட்டம், தனக்கு நேரமில்லை, நீங்கள் செய்கிறீர்களா என்று கேட்டார். போனேன். வீட்டுக்கார அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அவர் கணவர் வளைகுடா நாட்டில் இருபத்தாறு வருடமாக வேலை பார்ப்பவர். வைகாசிக் கடைசியில் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வருகிறார்.

"அவங்க வந்து எறங்கும்போது வாசல் பச்சையா இருக்கணும் தங்கச்சி. அத்தன வருஷமா மணலையே பாத்துட்டாங்க" என்றார் அந்த அக்கா.

வீட்டின் பக்கவாட்டில் நல்ல இடம். நாலு பக்கமும் மதில். மூலையில் ஆளுயர எலுமிச்சை ஒன்று மட்டும் நின்றது. நாலு வருடத்துக்கு முன்னால் விடுமுறையில் வந்தபோது அவர் தன் கையால் குழி வெட்டி வைத்ததாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுதுவிட்டு வீடியோவில் பேசுவார். முதலில் எலுமிச்சையைக் காட்டச் சொல்வாராம், அப்புறம்தான் பெண்டாட்டி முகம். "எனக்குச் சக்களத்தி இவ" என்று அக்கா அந்த மரத்தைத் தட்டிக்கொடுத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே இந்தத் தோட்டத்தை ஊரே பேசும்படி செய்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

மாசியிலேயே வேலையைத் தொடங்கிவிட்டேன். மண்ணைக் கொத்தி, எரு போட்டு, மதில் ஓரமாகச் செம்பருத்தி, நந்தியாவட்டை, நடுவில் ரோஜா, மல்லிகை, இட்லிப்பூ என்று வரிசையாக வைத்தேன். எல்லாம் வேர் பிடித்தன. அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவர் வரும்போது ஒவ்வொரு செடியிலும் பூ இருக்க வேண்டும், எலுமிச்சை முதல்முறையாகப் பூத்து நிற்க வேண்டும். நோட்டைப் புரட்டினேன். சிவப்பு அடிக்கோடு கண்ணில் பட்டது.

மறுநாள் பட்டினச்சேரிக்குப் போனேன். கடலோரத்தில் கருவாடு காயப்போட்டிருந்த இடத்தில் என் வயதையொத்த ஒரு பெண் உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார். தெருவில் மீன் விற்கிறவர் என்பது கூடையைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கோ அந்த வாடையில் நிற்க முடியவில்லை. உடைசல், தூள் எல்லாம் ஒரு மூட்டை வேண்டும் என்றேன்.

"எதுக்கும்மா? கொழம்புக்கா?" என்றார்.

உரத்துக்கு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தொழில் ரகசியத்தை ஏன் கண்டவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு நினைப்பு. சீக்கிரம் அங்கிருந்து கிளம்பினால் போதும் என்பது இன்னொரு நினைப்பு. "ஆமா, கொழம்புக்குத்தான்" என்று தலையை ஆட்டிவிட்டேன். பிறந்ததிலிருந்து மீன் குழம்பு வைத்தறியாத நான்.

அவர் தனக்கு வலப்பக்கம் கிடந்த குவியலை விட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு தொட்டியிலிருந்து எடுத்து வந்து, மண் இல்லாமல் புடைத்து, நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தார். "வூட்டுக்குன்னு கேட்டீங்க, அதான்" என்றார். எனக்கு அதெல்லாம் எங்கே மண்டையில் ஏறியது? மூட்டையை ஆட்டோவில் போட்டுக்கொண்டு தலத்தெரு வந்துவிட்டேன்.

ஒவ்வொரு செடிக்கும் கைநிறைய. எலுமிச்சையைச் சுற்றி வட்டமாக வாய்க்கால் பறித்து, அதில் கொட்டி மண்ணைத் தள்ளி மூடினேன். அக்கா வாசனை பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"கருவாடா? உப்பு இருக்குமே தங்கச்சி, செடிக்கு ஆவுமா?"

"செடிக்கு நாக்கா இருக்கு, உப்புக் கரிக்கறதுக்கு?" என்று கேட்டேன். அப்படியே இதே வார்த்தைகள். இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. "இது உரம்க்கா. நான் படிச்சிருக்கேன்."

படித்தவள் சொன்னதும் அக்கா சரி என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

முதல் வாரம் தெருவில் இருந்த பூனைகள் அத்தனையும் மதில்மேல் வந்து உட்கார்ந்தன. அவற்றைத் துரத்துவதே வேலையாக இருந்தது. அடுத்த வாரம் ரோஜா இலைகளின் ஓரம் பழுப்பாகிச் சுருண்டது. வெயில் என்று நினைத்தேன். போர் தண்ணீரைக் காலையும் மாலையும் ஊற்றச் சொன்னேன். செம்பருத்தி மொட்டோடு உதிர்ந்தது. சத்து போதவில்லை என்று மிச்சம் இருந்த தூளையும் போட்டேன். மூன்றாவது வாரம் எலுமிச்சை இலைகளின் நுனி கருகி, தொட்டால் கையோடு வந்தது. மண்ணின் மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் அதைக் மதில் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும் என்று கடந்துபோனேன் என்றால் நம்புவீர்களா? கண்ணெதிரே இருப்பதைப் பார்க்காமல் நோட்டையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்திரை நடுவில் ஒரு காலை. எலுமிச்சைக்குக் கீழே உட்கார்ந்து உதிர்ந்த இலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் தெருவில் மீன் வராது, கருவாட்டுக் கூடைதான் வரும். அன்று கூடையோடு வந்தவர் பட்டினச்சேரியில் நான் பார்த்த அதே பெண். வாசலில் கூடையை இறக்கியவர் மூக்கை உறிஞ்சினார். விறுவிறுவென்று உள்ளே வந்து, பூனை பறித்துப் போட்டிருந்த ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"இது எங்கிட்ட வாங்கினதுல்ல?"

நான் கையில் இருந்த இலைகளைக் கீழே போட்டேன்.

"கொழம்புக்குன்னுல்ல கேட்டீங்க? சாப்புடுற சாமான்னு தொட்டியிலேர்ந்து ஒண்ணொண்ணாப் பொறுக்கிக் குடுத்தேன். அதக் கொண்டாந்து மண்ணுல பொதைச்சு வச்சிருக்கீங்க." அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. "உரத்துக்குன்னு ஒரு வார்த்த சொன்னா, உப்புப் போடாம மணல்ல காய வச்சது பக்கத்துலயே கெடந்துச்சே. கோழித் தீனிக்கு எடுத்துட்டுப் போறது. தொட்டிக் கருவாடு முழுக்க உப்பும்மா. ஒரு மரத்த உசுரோட உப்புல போட்டுட்டீங்களே."

அக்கா படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் காது ரெண்டும் எரிந்தது. ஆசிரியைக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உப்பில்லாத மீனுன்னு மூணு தடவ சொன்னேனே, நீங்க எங்க இருந்தீங்க?" என்றார். வாசலில் என்றேன்.

அக்கா படியிலிருந்து இறங்கினார். எலுமிச்சையிடம் போய் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகுதான் பேசினார். "மூணு வெள்ளிக்கெழமையா நெட்டு சரியில்ல, வெளிய இருட்டா இருக்குன்னு அவங்ககிட்ட பொய் சொல்லிட்டிருக்கேன். நோன்பு புடிக்கிற வாயால பொய். நான் கேட்டேன்ல தங்கச்சி அன்னக்கி, உப்பு இருக்குமேன்னு?" அவர் கண் கலங்கியது. "நீங்க போங்க. நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே ஊர் வந்தேன். நர்சரிக்காரருக்குப் போனில் சொன்னபோது அவர் சர்வ சாதாரணமாக ஒரு வழி சொன்னார். பூத்த செடிகளாகத் தொட்டியோடு கொண்டுவந்து தொட்டி வெளியே தெரியாமல் மண்ணில் இறக்கிவிடலாம், வருகிறவர் பார்த்ததும் அசந்துவிடுவார், எலுமிச்சைக்கும் அதே உயரத்தில் தன்னிடம் ஒன்று இருக்கிறது என்றார். பொய் சொல்வானேன், அரை மணி நேரம் எனக்கு அது நல்ல யோசனையாகவே தெரிந்தது. அப்புறம் அந்த அக்கா கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றது கண்ணுக்குள் வந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் நாலு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்குத் தன் மரம் தெரியாதா? அக்காவின் பொய்க்குமேல் என் பொய்யையும் அடுக்குவதா? வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மண்வெட்டி, கடப்பாரை, ஒரு கட்டு காலிச் சாக்கு இவற்றோடு அக்கா வீட்டு வாசலில் நின்றேன். கதவைத் திறந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அக்கா, எனக்கு வேலை வேணாம். உப்ப மட்டும் எடுத்துட்டுப் போயிடறேன். நான் போட்டத நான்தான எடுக்கணும். மரம் பொழைச்சா உங்க அதிர்ஷ்டம். பொழைக்கலன்னா அண்ணன் வர்றன்னிக்கி நானே இங்க நின்னு சொல்லிடறேன்."

அவர் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்தாமல் உள்ளே போனார். எனக்கு அது போதும்.

மேல்மண்ணை நாலு விரல் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்தேன். கருவாட்டுத் துண்டுகளைக் கையால் பொறுக்கினேன். மூக்கைப் பொத்தவில்லை. நியாயமாக எனக்கு அது வேண்டியதுதான். இரண்டு நாளில் பதினேழு சாக்கு மண் வெளியே போனது. மூன்றாம் நாள் அந்தக் கருவாட்டுக்காரப் பெண் தெருவோடு போனவர் எட்டிப் பார்த்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கூடையை இறக்கிவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"மண்ண அள்ளுனா மட்டும் போவுமா? உள்ள எறங்குன உப்பு?"

"தண்ணி ஊத்தறேன்."

"எந்தத் தண்ணி? போர் தண்ணியா? அதே உப்பாச்சே." தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, கருவாட்டுல உப்பு கூடிப்போனா என்னா பண்ணுவாங்கன்னு தெரியுமா? ஓ, நீங்க தின்னாத்தானே தெரியும். நல்ல தண்ணியில ஊறப் போட்டு, அந்தத் தண்ணியக் கீழ கொட்டணும். திரும்பப் புதுத் தண்ணி. அதையும் கொட்டணும். கொட்டாம வச்சிருந்தா உப்பு அதுக்குள்ளயேதானே கெடக்கும்? இங்க கொட்டறதுக்கு வழி எங்க இருக்கு?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். நாலு பக்கமும் மதில். அடியில் களிமண். ஊற்றிய தண்ணீர் வெளியேற ஓர் ஓட்டைகூட இல்லை. உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, அது வெயிலில் வற்ற வற்ற, உப்பை மட்டும் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறேன். வகுப்பில் இதற்கு 'வடிகால்' என்று தலைப்பே போட்டு இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். பச்சை மையில்.

அக்காவிடம் கேட்டு, மதிலின் அடியில் தெருச் சாக்கடைப் பக்கமாகக் கடப்பாரையால் துளை போட்டேன். எலுமிச்சையிலிருந்து அந்தத் துளைவரை முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால். அது முடிய நாலு நாள். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, மறுபடி வந்தது. என் வீட்டுக்காரர், "போதும், விட்டுட்டு வா, மரந்தானே" என்றார். விடுவதாக இல்லை என்றேன்.

இனி நல்ல தண்ணீர் வேண்டும். குழாயில் காலையில் இரண்டு மணி நேரம்தான் வரும். அதில் குடிக்க, சமைக்கப் பிடித்தது போக மிஞ்சுவது ஒரு மரத்துக்கே காணாது. வானத்தைப் பார்த்தால் மேகம் கூடும், அப்படியே கடல் பக்கம் போய்விடும். என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது வெளியே அந்தக் கருவாட்டுக்காரப் பெண்ணின் குரல் கேட்டது. அவர் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். "பாயம்மா வூட்டு எலுமிச்ச சாவக் கெடக்கு. உங்க வூட்டுக்குப் புடிச்சது போக ஒரு அர மணி நேரம் குழாய வுடுங்க. டியூப் நாங்களே கொண்டாறோம்." தெருவில் எல்லா வீட்டுக்கும் அவர் மீன்காரி. யாருக்கு எந்த மீன் பிடிக்கும் என்றுகூட அவருக்குத் தெரியும். அவர் கேட்டால் முடியாது என்று சொல்கிறவர்கள் அங்கே இல்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவரிடம் பொய் சொல்லி, இவர் சரக்கை அவமானப்படுத்தியவள் நான். எனக்காக எதற்கு இத்தனை பாடு என்று கேட்டே விட்டேன்.

"உங்களுக்காக யாரு பண்றா?" என்றார் வெடுக்கென்று. "எங்கருவாடு ஒரு மரத்தக் கொன்னுடுச்சுன்னு பேரு வரக் கூடாதுல்ல."

அன்றிலிருந்து காலை நேரங்களில் ஐந்து வீட்டுக் குழாய் எங்களுக்கு வேலை செய்தது. மண் முழுக்கத் தண்ணீரைக் கட்டி நிறுத்துவோம். அது இறங்கி, வாய்க்கால் வழியாகச் சாக்கடைக்கு வடியும். இரண்டு நாள் காயவிட்டு மறுபடியும். முதலில் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா, ஒரு நாள் தானாகவே வந்து டியூப்பின் மறுமுனையைப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசிரியை பேனா மாதிரி ஒரு கருவியோடு வந்து வடிந்த தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்ப்பார். எண் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் மரத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இலை முழுவதும் கொட்டிவிட்டது. ரோஜா, மல்லிகை, இட்லிப்பூ எல்லாம் போயே போய்விட்டன. செம்பருத்தியில் இரண்டு, நந்தியாவட்டை முழுவதும், அவ்வளவுதான் தப்பியவை. இதற்கு நடுவே அக்கா, மரத்துக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை என்ற வரைக்கும் தன் கணவரிடம் போனில் சொல்லிவிட்டாராம். முழுதாகச் சொல்லத் தைரியம் வரவில்லை.

அவர் வருவதற்கு எட்டு நாள் இருக்கும்போது, எலுமிச்சையின் கிழக்குப் பக்கக் கிளையில் கடுகு பருமனுக்கு நாலைந்து பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. நான் கத்திய கத்தலில் அக்கா அடுப்பை அணைக்காமல் ஓடி வந்தார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். மேற்குப் பக்கக் கிளைகளில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

அவர் வந்த நாளில் நான் சொன்னபடி அங்கே போய் நின்றேன். தோட்டம் என்று சொல்ல என்ன இருந்தது? மொட்டை மண், நடுவில் ஒரு வாய்க்கால், மதிலில் ஓட்டை, ஓரத்தில் சில செடிகள். வண்டியிலிருந்து இறங்கியவர் எல்லாருக்கும் சலாம் சொல்லிவிட்டு நேராக மரத்திடம் போனார். பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தார். குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார்.

"உப்பா?" என்றார்.

நான் முன்னால் வந்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் மூக்கைப் பொத்தி நின்றது, கொழம்புக்கு என்று பொய் சொன்னது, செடிக்கு நாக்கா என்று கேட்டது, ஒன்றையும் விடவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நான் அங்க என்னா வேல பாத்தேன்னு தெரியுமா?" என்றார் கடைசியில்.

கம்பெனி வேலை என்றுதான் அக்கா சொல்லியிருந்தார். நானும் அதற்குமேல் கேட்டதில்லை.

"ரோட்டு நடுவுல வச்சிருப்பாங்கள்ல, அந்தச் செடிக்கெல்லாம் தண்ணி விடறதுதான் வேல. அங்க தண்ணியும் உப்பு, மண்ணும் உப்பு. எங்கையால எவ்வளவோ செடி கருகியிருக்குங்க. ராவோட ராவா புடுங்கிட்டு வேற வச்சிடுவோம். நான்தான் கருக்குனேன்னு ஒருத்தன் வந்து சொல்லி நான் பாத்ததில்ல. நானும் சொன்னதில்ல."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். இருபத்தாறு வருடமாக அவருக்கும் இது முழுசாகத் தெரியாது என்று அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அக்காவின் கணவர் பயணச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, டியூப் எங்கே என்று கேட்டார். "வாய்க்காலு இன்னும் ஒரு சாண் ஆழம் வேணும். வாங்க" என்றார் என்னிடம். சாப்பிட்டுவிட்டுச் செய்யக் கூடாதா என்று அக்கா கத்தியது எங்கள் இரண்டு பேர் காதிலும் விழவில்லை.

இப்போது அந்தத் தோட்டம் அவருடையது. ஆசைப்பட்டதை அவரே பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்கிறார். நான் காரைக்காலிலும் சுற்றுவட்டாரத்திலும் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குத் தோட்டம் அமைத்துவிட்டேன். எந்த மண்ணில் கை வைத்தாலும் முதலில் தண்ணீர் எங்கே வடியும் என்று பார்க்கிறேன். தெரியாததை யாரிடமும் கேட்க இப்போது வெட்கமில்லை. கருவாட்டுத் தூள் தேவைப்பட்டால் பட்டினச்சேரியில் அதே பெண்ணிடம்தான் போகிறேன். மணலில் காய வைத்ததை அள்ளிக்கொடுத்துவிட்டு, "கொழம்புக்கா?" என்று கேட்டு மானத்தை வாங்காமல் விடமாட்டார்.

எலுமிச்சை காய்க்கிறது. மேற்குப் பக்கக் கிளைகள் மட்டும் பட்டுப்போனது பட்டுப்போனதுதான். வெட்டிவிடலாம் என்று நானே சொன்னேன், அக்கா வீட்டுக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். புதிதாக என்னை வேலைக்குக் கூப்பிடுகிறவர்களை முதல் நாள் அங்கேதான் அழைத்துப் போகிறேன். இந்தக் காய்ந்த பக்கம் நான் செய்தது என்று சொல்லிவிடுகிறேன். சிலர் அதோடு போய்விடுவார்கள். அதைப் பார்த்த பிறகும் சரி, வாருங்கள் என்று தங்கள் மண்ணை என்னிடம் தருகிறவர்கள் வீட்டில்தான் மண்வெட்டியைப் போடுகிறேன்.